கிழக்கு லண்டன் வங்காள நாடக விழா: மொழி தெரியாதவர் போகலாமா?

"நவம்பரில் கிழக்கு லண்டனில் நடக்கிற வங்காள நாடக விழாவுக்கு அலுவலக நண்பர் கூப்பிடுகிறார். எனக்கு வங்காளத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கொல்கத்தா நாடகக் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். இதுவும் அதுதானா? போனால் ஏதாவது புரியுமா? பத்து வயது மகளையும் கூட்டிப்போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொல்கத்தாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். ஈஸ்ட் ஹாமில் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை வைட்சாப்பல் பக்கம் என்பதால் வங்காளிகளோடு தேத்தண்ணி குடித்தே பாதி ஆயுள் கழிந்தது. இந்த விழாவுக்கு முதலில் போனதும் உங்களைப் போலத்தான், கூட வேலை செய்தவர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். வாயே திறக்காத மனிதர் அவர். மேடையில் கிராமத்து மௌலவியாக வந்து ஒரு மணி நேரம் கத்து கத்தென்று கத்தினார். அதற்குப் பிறகு வருடம் ஒரு நாடகமாவது பார்த்துவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது டவர் ஹாம்லெட்ஸ் உள்ளூராட்சி சபை 2003 முதல் நடத்திவரும் 'எ சீசன் ஆஃப் பங்களா டிராமா' என்று எடுத்துக்கொள்கிறேன். குவீன் மேரி பல்கலைக்கழகமும் அதில் கைகோத்திருக்கிறது. முக்கியமான மேடை ஹான்பரி தெருவில் இருக்கும் பிரேடி கலை மையம். நடிப்பவர்களில் முழுநேர நடிகர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்கள் பகலில் பள்ளிக்கூடத்திலோ கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். 'சமூக நாடகம்' என்று அழகாகப் பெயர் வைத்தாலும் ஊர்க் கோயில் திருவிழாவில் நம்மாட்கள் நாடகம் போட்ட மாதிரித்தான், மின்விளக்கு மட்டும் நன்றாக இருக்கும்.

கொல்கத்தாவை விட்டுவிட்டு வரச் சொன்னதற்குக் காரணம், இந்த வங்காளிகள் பெரும்பாலும் வங்கதேசத்தார். அதிலும் வடகிழக்கு மூலையில் இருக்கும் சில்ஹெட் பகுதிக்காரர். பிரிட்டிஷ் கப்பல்களின் இயந்திர அறையில் நிலக்கரி அள்ளிப்போட்டவர்கள் இவர்களுடைய பாட்டன்மார். கல்கத்தாவில் கப்பலேறி, லண்டன் துறையில் இறங்கி, சிலர் திரும்பிப் போகாமலே தங்கிவிட்டார்கள். 1950, 60-களில் ஆண்கள் தனியாக வந்து தையல் பட்டறைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்தார்கள். மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் 70, 80-களில். இன்று டவர் ஹாம்லெட்ஸில் மூன்றில் ஒருவருக்கு மேல் வங்கதேச வழியினர். வைட்சாப்பல் ரயில் நிலையத்தில் 2022 முதல் வங்காள எழுத்திலும் பெயர்ப்பலகை இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து வந்த வங்காளிகளின் லண்டன் வேறு. 1963-இல் தொடங்கிய துர்க்கா பூசை, அதை ஒட்டிய பாட்டு, கூத்து என்று அவர்களுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் கவிஞர்கள் தாகூரும் நஸ்ருலும் பொது. அன்றாட வாழ்க்கை பொதுவல்ல.

இனி மொழி. உங்களுக்கு மொழி தெரியாதென்று வெட்கப்படுகிறீர்கள். அரங்கில் இருக்கும் பலருக்கும் மேடையில் பேசும் மொழி முழுசாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

முன்வரிசைக் கதிரையில் இருக்கும் பாட்டி வீட்டில் பேசுவது சில்ஹெட்டி. பள்ளிக்கூடத்து வங்காளம் அவருக்குத் தொலைக்காட்சிச் செய்தி மாதிரி. பக்கத்தில் இருக்கும் பேத்திக்குச் சில்ஹெட்டி காதுக்கு விளங்கும், வாயில் வராது. அவளுடைய மொழி ஆங்கிலம். மேடையில் இருப்பவரோ டாக்காவில் நாடகம் பழகியவராக இருந்தால் சுத்த வங்காளத்தில் உச்சரித்துக்கொண்டிருப்பார். தண்ணீருக்குக் கொல்கத்தா இந்து வீட்டில் ஜல் என்பார்கள், டாக்காவில் பானி, சில்ஹெட்டில் அதுவே ஃபானி. நலமா என்று கேட்க ஏட்டு வங்காளத்தில் 'கேமொன் ஆச்சேன்'. சில்ஹெட்டிக்காரர் 'பாலா நி' என்று முடித்துவிடுவார். இதைக் கிளைமொழி என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தனிமொழி என்று சொன்னால் வேறு சிலருக்கு அதைவிடக் கோபம் வரும். நான் வாயே திறப்பதில்லை.

ஆகையால் இந்த விழாவில் ஒரே நாடகத்துக்குள் மூன்று மொழியும் வரும். தகப்பன் சில்ஹெட்டியில் திட்டுவார், மகன் ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுப்பான், ஊரிலிருந்து வந்த கடிதத்தை யாரோ ஏட்டு வங்காளத்தில் வாசிப்பார். எந்த இடத்தில் எந்த மொழி என்பதைப் பார்த்தாலே பாதி நாடகம் புரிந்துவிடும். முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் நாடகங்களும் உண்டு. அனுமதிச்சீட்டு எடுக்கும்போது எது எந்த மொழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முழு ஆங்கில நாடகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், சாம்பார் இல்லாமல் இட்லியை மட்டும் தின்றுவிட்டு வந்த கணக்கு.

நமக்கு இது புது விஷயம் இல்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதி 1940-இல் 'நானாடகம்' என்று வெளியிட்டபோது, வீட்டில் பேசுகிற பேச்சு மேடைக்குத் தகுமா என்ற கேள்வி நம்மிடமும் இருந்தது. சில்ஹெட்டிக் கிழவி ஒருத்தியின் வசவு மேடையில் ஒலித்ததும் அரங்கம் குலுங்கிச் சிரிக்கும். வசவு அப்படியொன்றும் பெரிய பகிடியாக இருக்காது. தன் வீட்டு அடுப்படிப் பேச்சை மைக் வைத்துப் பேசக் கேட்ட சந்தோஷம் அது.

இந்த மொழிப் பிரச்சினைக்கு உள்ளே ஒரு முள்ளும் இருக்கிறது. இவர்கள் மொழிக்காக உயிர் கொடுத்த நாட்டுக்காரர். வங்கதேசம் பாகிஸ்தானின் ஒரு பகுதியாக இருந்த காலம் அது. 1952 பெப்ரவரி 21 அன்று டாக்காவில், வங்காளத்தையும் ஆட்சிமொழியாக்கு என்று கேட்ட மாணவர்கள் மீது பாகிஸ்தான் பொலிசார் சுட்டார்கள். அடுத்த வருடம் அதே நாளில் டாக்கா மத்திய சிறையில் ஒரு நாடகம் நடந்தது. சிறையில் இருந்த முனீர் சௌத்ரி எழுதிய 'கபர்'. கபர் என்றால் புதைகுழி. அதே சிறையில் இருந்த ரணேஷ் தாஸ்குப்தா, கைதிகள் நடிப்பதற்கென்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். இரவில் சிறை விளக்குகளை அணைத்த பிறகு, லாந்தர் வெளிச்சத்தில் நடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கதையையே நள்ளிரவு இடுகாட்டில் வைத்துவிட்டார் சௌத்ரி. சுடப்பட்டவர்களை அவசரமாகப் புதைக்கப் பார்க்கிறார்கள் அதிகாரிகள். பிணங்கள் எழுந்து நின்று குழிக்குள் போகமாட்டோம் என்கின்றன. அரங்கமைப்புக்குப் பணம் வேண்டாம், சிறையின் இருட்டே போதும். வறுமையை இப்படி வித்தையாக்கிய நாடகம் இன்னொன்று எனக்குத் தெரியாது. 1971 டிசம்பர் 14 அன்று, வங்கதேச விடுதலைக்கு இரண்டே நாள் இருக்க, பாகிஸ்தான் படையின் ஆட்கள் அறிவாளிகளைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்களே, அதில் முனீர் சௌத்ரியும் போனார்.

இவ்வளவையும் இழுத்துச் சொல்வது, வங்காளிக்கு நாடகம் பொழுதுபோக்குக் கணக்கில் மட்டும் வராது என்பதை விளக்கத்தான். பொதுவில் ஒரு பிராது கொடுப்பது என்றால் நாடகமாகப் போட்டுவிடுவார்கள். தீனபந்து மித்ர 1860-இல் எழுதிய 'நீல் தர்பண்' அவுரித் தோட்டத் துரைமார் குடியானவரைப் படுத்திய பாட்டைச் சொன்னது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் ஒரு மாதம் சிறைக்குப் போனார், ஆயிரம் ரூபாய் அபராதம் வேறு. 1872 டிசம்பரில் கல்கத்தாவில் சீட்டு விற்றுப் பொதுமக்களுக்கு நாடகம் காட்டத் தொடங்கிய 'நேஷனல் தியேட்டர்' முதலில் மேடையேற்றியதும் அதைத்தான். நாலு வருடம் கழித்து, வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்த கல்கத்தா வக்கீல் ஒருவரைக் கிண்டல் செய்து நாடகம் போட்டார்கள். அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 1876-இன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சுதேசி நாடகக்காரர்களைப் பின்னாளில் வாட்டிய சட்டத்துக்கு மூலம் அந்த வக்கீல் வீட்டு விருந்துதான் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

1943 வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் செத்தபோது, அடுத்த வருடமே பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' மேடைக்கு வந்துவிட்டது. சோம்பு மித்ராவும் அவரும் சேர்ந்து இயக்கியது. கல்கத்தாத் தெருவில் கஞ்சிக்குக் கையேந்தியவர்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த சனம், மேடையிலும் அதையே பார்த்தது. பிறகு கொல்கத்தா நாடகாசிரியர் பாதல் சர்க்கார், மேடையே வேண்டாம், திரை வேண்டாம், விளக்கு வேண்டாம் என்று 70-களில் பூங்காவிலும் வெறும் கூடத்திலும் நடிக்கத் தொடங்கினார். 1980-இல் சென்னைச் சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறையின் சூடு தமிழ் நவீன நாடகக்காரரிடம் கொஞ்ச காலம் இருந்தது. நீங்கள் படித்தது அந்த வழியாகத்தான் இருக்கும். விடுதலை பெற்ற வங்கதேசத்தில் டாக்கா குழுக்கள் 1973-இல் சீட்டு விற்று ஒழுங்காக நாடகம் போடத் தொடங்கியபோது எடுத்ததும் சர்க்காரின் நாடகம் ஒன்றைத்தான். எல்லையும் மதமும் பிரித்தவர்களை நாடகப் பிரதி இப்படிக் கள்ளத்தனமாகச் சேர்த்துவைத்திருக்கிறது.

லண்டனுக்கு வருவோம். 1978 மே 4 மாலை, அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வேலை முடித்து வீட்டுக்குப் போகும்போது வைட்சாப்பலில் அட்லர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர்கள் பதின்வயதுப் பையன்கள். காரணம் அவர் தோல் நிறம். பத்து நாள் கழித்து ஏறத்தாழ ஏழாயிரம் பேர் சவப்பெட்டியின் பின்னால் நடந்து பிரதமர் வாசல்வரை போனார்கள். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு சமூகம் வாய் திறந்தது அன்றைக்குத்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கொலை நடந்த இடத்தருகே இருந்த பூங்காவுக்கு 1998-இல் அவர் பெயர் வைத்தார்கள். டாக்கா மொழித் தியாகிகள் சின்னத்தின் சிறிய வடிவம் ஒன்றும் அங்கே நிற்கிறது.

விழா நாடகங்கள் பெரும்பாலும் இந்தக் கிணற்றிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. கப்பலிலிருந்து குதித்தவரின் கதை, வீடு கிடைக்காமல் இடிந்த கட்டடங்களுக்குள் பூட்டுடைத்துக் குடியேறிய 70-களின் கதை, பட்டறையில் கூலிக்கு ஜாக்கெட் தைத்த பெண்களின் கதை, ஊருக்கு ஒன்று லண்டனுக்கு ஒன்று என்று இரண்டு குடும்பம் வைத்திருந்த மாமாவின் கதை. 1971 போர் திரும்பத் திரும்ப வரும். அதிலும் பாகிஸ்தான் படையினரால் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றி வருவது மனத்தைப் பிசையும். விடுதலைக்குப் பின் அரசு அவர்களுக்கு 'பீராங்கனா' என்று பட்டம் கொடுத்தது. நம்முடைய வீராங்கனைதான். கௌரவிக்க வைத்த பெயர், ஊர் வாயில் விழுந்து வசைச்சொல்லாகி, அந்தப் பெண்கள் பலரை வீட்டுக்குள்ளேயே முடக்கிப்போட்டது. அப்படியொரு நாடகம் முடிந்து விளக்கு வந்தபோது என் பக்கத்தில் இருந்த அம்மா எழும்பவே இல்லை. மகள் தோளைத் தொட்டாள். "உனக்கு நான் சொன்னதில்லை" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று சொல்லும் எனக்கு விளங்கியது சில்ஹெட்டி தெரிந்ததால் அல்ல. மகள் வாய்விட்டு ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டதால்.

எல்லாமே இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூராட்சிப் பணத்தில் நடக்கும் விழாவுக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. போதைப்பொருள் கெடுதி, குடும்ப வன்முறை கெடுதி, மனநலம் முக்கியம் என்று துண்டுப் பிரசுரத்தை நாலு பேர் பிரித்துப் பேசுகிற மாதிரி சில நாடகங்கள் வரும். சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். நாடகம் மட்டும் இருக்காது. நீளமும் ஒரு பிரச்சினை. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியதற்கு நாலு பாட்டுப் போட்டு இழுப்பார்கள். பாட்டு நன்றாக இருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன். ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு உயிரோடு பாடுகிற குழு என்றால் கதை தள்ளாடினாலும் எழுந்து வர மனம் வராது. என் அனுபவத்தில், பெரிய வரலாற்றைத் தூக்கிச் சுமக்கிறவற்றைவிட ஒரு சமையலறைக்குள், ஒரு கடைக்குள் நடக்கிற சின்ன நாடகங்களே நன்றாக அமைகின்றன.

தரத்தைப் பற்றி இன்னொன்று. 2012-இல் தேம்ஸ் கரை குளோப் அரங்கில் டாக்கா தியேட்டர் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தை வங்காளத்தில் போட்டது. உடல் பயிற்சி, இசை, ஒழுங்கு எல்லாம் கச்சிதம். அந்தக் கச்சிதத்தை பிரேடி மண்டபத்தில் தேடாதீர்கள். அங்கே வசனத்தை மறந்தவருக்குப் பார்வையாளர் எடுத்துக்கொடுப்பார்கள். மேடையில் இருப்பவர் தன் சின்னம்மாவைக் கண்டு சிரித்துவிடுவார். இதெல்லாம் பிழை என்று நினைப்பவர் தேசிய அரங்கத்துக்குச் சீட்டு எடுக்கலாம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். 1971 பற்றிய நாடகங்களுக்கு வேண்டாம். பிள்ளைகள் நடிப்பதும் குடும்பத்தோடு பார்ப்பதும் உண்டு, அவற்றுக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள் என்றால், மேடையில் அதே சண்டையைப் பார்த்து அவள் உங்களைக் கடைக்கண்ணால் ஒருமுறை பார்ப்பாள். தயாராக இருங்கள்.

போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். வைட்சாப்பல் நிலையத்தில் இறங்கினால் கிட்ட, ஆனால் நீங்கள் ஆல்ட்கேட் ஈஸ்டில் இறங்கி நடங்கள். அல்தாப் அலி பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு பிரிக் லேன். ஃபூர்னியர் தெரு முனையில் ஒரு பள்ளிவாசல் வரும். பிரான்சிலிருந்து ஓடிவந்த புரட்டஸ்தாந்தர் 1743-இல் கட்டிய தேவாலயம், பிறகு மெதடிஸ்ட் கோயில், 1898-இல் யூதத் தொழுகைக்கூடம், 1976 முதல் பள்ளிவாசல். சுவரில் மேலே பழைய சூரியக் கடிகாரம் இருக்கிறது. அதில் 'நாம் நிழல்' என்று லத்தீனில் பொறித்திருப்பார்கள், மகளுக்குக் காட்டுங்கள். அடுத்தது பிரின்ஸ்லெட் தெரு. அங்கேதான் கிழக்கு லண்டன் யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் நாடகம் போட்ட மன்றம் இருந்தது. 1887-இல் ஒரு நாள் நாடக நேரத்தில் தீ என்று யாரோ பொய்யாகக் கத்த, நெரிசலில் 17 பேர் செத்தார்கள். அதற்கடுத்தது ஹான்பரி தெரு. வலப்பக்கம் திரும்பிக் கடைசிவரை போங்கள். பிரேடி மையமும் 1930-களில் யூதப் பெண்பிள்ளைகளுக்கான மன்றமாகத் தொடங்கியதுதான்.

குறித்த நேரத்துக்குச் சரியாகத் தொடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் பிந்திப் போகாதீர்கள்; சின்ன மண்டபம், நல்ல கதிரைகளைப் பெரிய குடும்பங்கள் பிடித்துவிடும். பின்வரிசை கிடைத்தாலும் பரவாயில்லை, அங்கிருந்தால் சனத்தையும் பார்க்கலாம். இடைவேளையில் யாராவது தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். லண்டன் விலாசத்தைச் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்பது அது அல்ல. பிறந்த ஊரின் பெயரைச் சொல்லுங்கள், அங்கே ஆறு இருந்தால் அதன் பெயரையும் சேர்த்து.